பச்சை டிக் இல்லாத வெள்ளம்

எங்கள் டல்லகூரியில் ஐம்பத்து நான்காம் வருஷம் ஒரு வெள்ளம் வந்தது. ஹாப்வுட் ஆறு கரையை மீறிக் கீழ்த்தெரு முழுவதையும் வாரிக்கொண்டு போனது, பழைய ஆஸ்பத்திரி உட்பட. புது ஆஸ்பத்திரி குன்றின் உச்சியில் இருப்பது அதனால்தான். பிரசவ வலியோடு அந்த மேட்டில் ஏறிய பெண்கள் யாரும் அந்த வெள்ளத்தைத் திட்டாமல் ஏறியதில்லை. இப்படிப்பட்ட வெள்ளம் வரவே இல்லை என்று சிட்னியில் முடிவானபோது ஊரில் யாருக்கும் விஷயம் தெரியாது. நரெல் டக்வெல் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

நரெல் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். நான் அதே பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுக்கிறேன். என் பாடத்தில் பெரிய சிக்கல் கிடையாது. நாற்காலி ஒழுங்காகச் செய்தால் நிற்கும், இல்லாவிட்டால் விழும்; யாருக்கும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. நரெல் பாடம் அப்படியில்லை. பிள்ளைகள் எதை எழுதினாலும் "நெட்ல பார்த்தேன் மிஸ்" என்பார்கள். யார் எழுதினது, எப்போ எழுதினது, அந்த ஆளுக்கு எப்படித் தெரியும், வேற யாராவது அதையே சொல்றாங்களா என்று அவளும் விடாமல் கேட்பாள். பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். மீதிப் பேருக்கு அதிலேயே ருசி வந்துவிடும். டேலா சோரன்சன் என்ற பெண் இரண்டாவது வகை. அப்பா மீன்பிடிப் படகு பழுதுபார்ப்பவர். வீட்டில் யாரும் பல்கலைக்கழகப் படி ஏறியதில்லை. இவள் ஏறிவிடுவாள் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் நகரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு பையன், சிட்னித் துறைமுகப் பாலத்தைக் கட்டியவர்கள் ரோமானியர்கள் என்று தேர்வில் எழுதி, ஆதாரமாக ஓர் இணையப் பக்கத்தையும் காட்டியிருந்தான். பத்திரிகைகள் ஒரு வாரம் அதையே மென்றன. அந்தப் பக்கத்தை மூடிவிட்டால் போதுமே என்று யாரோ யோசனை சொன்னார்களாம். அதற்கு ஓர் ஆள் போதும் என்பதால் அமைச்சருக்கு அது பிடிக்கவில்லை. இணைய வரலாற்று ஆதாரங்களின் நம்பகத்தன்மைக்கான இயக்ககம் என்று ஒன்றை ஆரம்பித்து, கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு முழுத் தளத்தைக் கொடுத்து, டாக்டர் லெய்ட்டன் ஃபார்க்கர் என்பவரைத் தலைவராக்கினார். இயக்ககம் சரிபார்த்த பக்கங்களில் பச்சை நிறத்தில் ஒரு டிக் இருக்கும். பச்சை டிக் இல்லாத பக்கத்தைப் பள்ளிகளில் திறக்கக்கூடாது. மாணவர்கள் தாங்களாகச் சரிபார்ப்பதும் கூடாது. அந்த வேலைக்குத்தான் இயக்ககம் இருக்கிறதே.

விதி எளிமையானது. ஒரு பக்கத்துக்குப் பச்சை டிக் வேண்டுமென்றால், ஏற்கெனவே பச்சை டிக் வாங்கிய இரண்டு பக்கங்களை அது மேற்கோள் காட்ட வேண்டும். நல்ல விதிதான் என்று நரெலும் சொன்னாள். ஆனால் ஆரம்பத்தில் எந்தப் பக்கத்துக்கும் டிக் இல்லாததால் எதற்கும் டிக் கொடுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் கூட்டம் போட்டார்கள். கடைசியில் இயக்ககம் தன்னுடைய சொந்த இணையதளத்தில் இருந்த 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்துக்கு முதல் டிக்கைக் கொடுத்தது. இரண்டாவதாக ஒன்று வேண்டுமே என்று 'தொடர்புக்கு' பக்கத்துக்கும் கொடுத்தது. அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. தங்க வேட்டைக் காலத்தைப் பற்றி ஓர் அருங்காட்சியகம் எழுதிய நீண்ட கட்டுரைக்கு டிக் கிடைத்தது. சுரங்கத் தொழிலாளிகள் கலகம் செய்த இடத்தில் அடிக்குறிப்பாக 'காண்க: தொடர்புக்கு' என்று சேர்த்திருந்தார்கள்.

எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கம் வெள்ளத்தைப் பற்றி ஒரு பக்கம் வைத்திருந்தது. போட்டோக்கள், ஆஸ்பத்திரிப் பதிவுகள், அந்த நாள் பத்திரிகை எல்லாம் அதில் உண்டு. நரெல் அதை அனுப்பிவைத்தாள். அடிக்குறிப்பில் 'தொடர்புக்கு' பக்கத்தையும் தவறாமல் சேர்த்திருந்தாள். ஆனாலும் திரும்பி வந்துவிட்டது. எழுதியவர்கள் டல்லகூரிவாசிகள், சம்பவ இடத்துக்கு மிக அருகில் வசிப்பவர்கள், ஆகவே சார்பு உடையவர்கள் என்று காரணம் போட்டிருந்தது.

நரெல் விவரமானவள். மேற்கு மூலையில் பெர்த் நகரத்தில் அவளுக்கு ஒரு சித்தப்பா மகன் இருந்தான். நாட்டில் அதைவிடத் தூரமாகப் போனால் கடல்தான். டல்லகூரிப் பக்கமே வராதவன். பக்கத்தை அவன் பெயரில் மறுபடி அனுப்பினாள். தூரத்துக்காக இயக்ககம் அவனைப் பாராட்டியது. ஆனால் தகவலை டல்லகூரிக்காரர்களிடமிருந்து வாங்கியதால் அவனும் கெட்டுப்போனான் என்று நிராகரித்தது.

பிறகு ஆசிரியர்களுக்கு சிட்னியில் பயிற்சி வைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியர் கீத் பாஸ்கம் நரெலை அனுப்பினார். நல்ல மனுஷர்தான். சுற்றறிக்கை வந்தால் மட்டும் எழுந்து நின்று படிப்பார். அங்கே ஃபார்க்கர் பேசியதை நரெல் வந்து எங்கள் ஓய்வறையில் அப்படியே நடித்துக் காட்டினாள். மனுஷர் கூச்சமில்லாதவர், எல்லாரையும் பெயர் சொல்லியே கூப்பிடுவார், தன்னையும் லெய்ட்டன் என்றே கூப்பிடச் சொன்னாராம்.

இவள் எழுந்து, அந்தக் காலப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து நெட்டில் போட்டிருக்கிறார்களே, அதையாவது பிள்ளைகள் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"நல்ல கேள்வி நரெல்," என்றாராம் ஃபார்க்கர். "அந்தப் பத்திரிகையெல்லாம் சம்பவம் நடந்த மறுநாளே எழுதினது. அவசரத்துல எழுதினது. ஒரு விஷயத்தைப் பத்தி நிதானமா எழுதணும்னா குறைஞ்சது ஐம்பது வருஷம் போகணும்."

"ஐம்பது வருஷம் கழிச்சு எழுதறவருக்கு எப்படித் தெரியும்? அவரு இந்தப் பத்திரிகையைத்தானே பார்ப்பாரு?"

"பார்க்கக்கூடாது. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்."

"நேர்ல பார்த்தவங்க இன்னும் சிலர் உயிரோட இருக்காங்க. அவங்க சொல்றதைப் பதிவு பண்ணலாமா?"

"நேர்ல பார்த்தவங்கதான் இருக்கிறதிலேயே ஆபத்து. தண்ணி கழுத்து வரைக்கும் வந்தவன் நடுநிலையா இருப்பானா? பயந்திருப்பான், அழுதிருப்பான். ஒரு சம்பவத்தைப் பத்தி நம்பி எழுதக்கூடியவன் அந்தச் சம்பவத்தோட எந்தச் சம்பந்தமும் இல்லாதவன். என்னையே எடுத்துக்கோங்க. நான் எந்த வரலாற்று நிகழ்ச்சிக்கும் பக்கத்துலகூட இருந்ததில்லை. அதனாலதான் என்னைத் தலைவரா போட்டிருக்காங்க."

அரங்கத்தில் கைதட்டினார்களாம். நரெலும் தட்டியிருக்கிறாள். ஏன் தட்டினாய் என்று கேட்டோம். எல்லாரும் தட்டும்போது கை தானாகப் போய்விட்டது என்றாள்.

இதற்குள் டேலா தன் இறுதியாண்டுக் கட்டுரையை எழுதி முடித்திருந்தாள். டல்லகூரி ஆஸ்பத்திரி ஏன் குன்றின் மேல் இருக்கிறது என்பதுதான் தலைப்பு. நரெல் தடுத்துப் பார்த்தாள், தங்க வேட்டையைப் பற்றி எழுது, டிக் வாங்கின பக்கம் இருக்கிறது என்றாள். டேலா கேட்கவில்லை. கட்டுரை நகரத்துக்குப் போய் பூஜ்யத்தோடு வந்தது. நடக்காத ஒரு வெள்ளத்தைக் காரணமாகக் காட்டியிருக்கிறார், கற்பனை வளம் உண்டு, வேறு பாடம் எடுக்கலாம் என்று குறிப்பு. அவள் கேட்டிருந்த பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்க வரலாற்று மதிப்பெண் கட்டாயம். அவள் அழவில்லை. என் பட்டறைக்கு வந்து, யாருக்கும் தேவைப்படாத ஒரு பலகையை மாலை வரை இழைப்புளியால் இழைத்துக்கொண்டே இருந்தாள்.

நரெல் இயக்ககத்தின் தளத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினாள். பச்சை டிக்கோடு ஒரே வரி இருந்தது: 'டல்லகூரி: சரிபார்க்கப்பட்ட சம்பவங்கள் எதுவும் இல்லை.'

இதைப் பார்த்து ஊராட்சி மன்றம் கவலைப்படும் என்று நினைத்தோம். சந்தோஷப்பட்டது. சம்பவமே நடக்காத ஊர் என்றதும் வீட்டு மனைகளின் விலை ஏறியது. பாலத்துக்குப் பக்கத்தில் வெள்ளம் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு ஒரு கம்பம் நின்றிருந்தது. சரிபார்க்கப்படாத வரலாற்றைப் பொது இடத்தில் வைத்திருக்கக்கூடாது என்று அதைப் பிடுங்கினார்கள். பப் நடத்தும் மெர்வ், பிடுங்க வந்த ஆட்களுக்கு பீர் வாங்கிக் கொடுத்து, கம்பத்தைத் தன் கொல்லையில் போட்டுவிட்டுப் போகச் சொன்னான்.

அடுத்ததாக இயக்ககம் கிராமப்புறத்தில் ஒரு கிளை திறக்க விரும்பியது. எந்தச் சம்பவமும் நடக்காத ஊரைவிடப் பொருத்தமான ஊர் உண்டா? மன்றம் உடனே ஆற்றங்கரையில் இருந்த தட்டையான நிலத்தைக் கொடுத்தது. அவ்வளவு நல்ல இடத்தில் இத்தனை வருஷமாக மாடுகள் மட்டும் மேய்வது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. நரெல் மன்றக் கூட்டத்துக்குப் போய், அங்கே கட்டாதீர்கள், வெள்ளம் வரும் இடம் என்றாள். ஆதாரம் கேட்டார்கள். இருக்கிறது என்றாள். பச்சை டிக் இருக்கிறதா என்றார்கள். உட்கார்ந்துவிட்டாள்.

கட்டடம் அழகாகவே வந்தது. திறப்பு விழாவுக்கு ஒரு சனிக்கிழமை முற்பகலைக் குறித்தார்கள். அதற்கு முந்தைய வாரம் முழுக்க ஆற்றின் மேல்பக்கத்து மலைகளில் நல்ல மழை. ஊரில் யாரும் யாரிடமும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலமே கீழ்த்தெருக் கார்கள் எல்லாம் ஆஸ்பத்திரி மேட்டில் நின்றன. மெர்வ் பீப்பாய்களை மாடிக்கு ஏற்றிவிட்டான். எனக்கும் என் மரப்பலகைகளை மேல் அடுக்குக்கு மாற்ற வேண்டும் என்று தோன்றியது, மாற்றினேன்.

விழாவுக்குப் போனவர்கள் போகாமல் தீராதவர்கள்தான். தலைமையாசிரியர் கீத், நரெல், நான், மன்றத் தலைவர், ரொட்டியில் சாசேஜ் வைத்துக் கொடுக்க இரண்டு பெற்றோர். இயக்ககத்தின் ஆட்சிக்குழு மொத்தமும் சிட்னியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் ஆறு காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரையோர மரங்களுக்கு முழங்கால் வரை தெரியவில்லை.

விழா ஆரம்பிக்கும் முன் நரெல் ஃபார்க்கரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"லெய்ட்டன், ஆறு ஏறிக்கிட்டிருக்கு. விழாவை ஆஸ்பத்திரி மேட்டுல வச்சுக்கலாம். எல்லாரும் நடந்தே போயிடலாம்."

அவர் ஜன்னலை எட்டிப் பார்த்தார். "தண்ணி கொஞ்சம் அதிகம்தான்," என்றார் பெருந்தன்மையாக. "ஆனா பாருங்க நரெல், அது நிகழ்காலம். நம்ம இலாகாவுல வராது."

பேச ஆரம்பித்தார். இந்த நான்கு சுவர்களுக்குள் எது கற்பிக்கப்பட்டாலும் அது தானாகவே பச்சை டிக் பெற்றதாகக் கொள்ளப்படும், விண்ணப்பம் வேண்டாம், காத்திருக்க வேண்டாம், கிராமத்துப் பிள்ளைகளுக்கு இது எங்கள் பரிசு என்று அறிவித்தார். அப்போது கதவுக்கடியில் தண்ணீர் நாக்கு மாதிரி நுழைந்தது. தண்ணீர் வந்துவிட்டது என்று நரெல் எழுந்து சொன்னாள். கேள்விகள் கடைசியில் என்றார் ஃபார்க்கர். முன்வரிசைக்காரர்கள் கால்களைத் தூக்கி நாற்காலிக் கம்பியில் வைத்துக்கொண்டு கவனமாகக் கேட்டார்கள். முன்வரிசைக்கும் மேடைக்கும் நடுவே ஒரு சாசேஜ் மிதந்து போனது. அவர் பேச்சின் மூன்றாவது பகுதிக்குப் போகும்போது மின்சாரம் நின்றது. மைக் இல்லாமல் தொடர்ந்தார்.

நாங்கள் உள்ளூர்க்காரர்கள் எல்லாரும் பின்கதவால் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டோம். நரெல் இரண்டு முறை திரும்பிப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தாள். வெளியே வருவதற்கு நிகழ்ச்சி நிரலில் இடமில்லை. கடைசியில் ஆட்சிக்குழு முழுவதும் கூரைமேல் ஏறியது. கோட்டும் டையுமாக ஓட்டின் முகட்டில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கட்டடம் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்வது எங்களுக்குத் தெரிந்தது. அவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கொருவர் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ஊர் இளைஞர்கள் படகுகளை இறக்கினார்கள். டேலா தன் அப்பாவின் அலுமினியப் படகை எடுத்துக்கொண்டு போய் ஃபார்க்கரை ஏற்றினாள். பாதிவழியில் நடந்த பேச்சை அவள் பிறகு எங்களிடம் சொன்னாள். மனுஷர் நடுங்கிக்கொண்டிருந்தாராம். இவள் தன் ஜாக்கெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, தான் யார், எந்தக் கட்டுரை என்று சொல்லியிருக்கிறாள்.

"இப்பவாவது ஒத்துக்கறீங்களா சார், இந்த ஊர்ல வெள்ளம் வரும்னு?"

"கண்ணால பார்த்துட்டேனே," என்றாராம்.

"அப்ப என் மார்க்கை மாத்துங்க."

"மாத்த முடியாதும்மா. பார்த்துட்டேன், இல்லையா? பயந்தும் போயிட்டேன். இனிமே இந்த விஷயத்துல நான் எதுவும் சொல்லத் தகுதி இல்லாதவன். அது நான் போட்ட விதி."

சொன்னபடியே நடந்தது. கட்டடத்தை ஆறு கொண்டுபோன மறுவாரமே, கூரையில் உட்கார்ந்த அத்தனை பேரும் நேரில் பார்த்தவர்கள் என்ற காரணத்தால் இயக்ககத்திலிருந்து விலக்கப்பட்டார்கள். பல் வலியால் வராமல் நின்றுவிட்ட ப்ரூடென்ஸ் ஆக்லண்ட் என்ற அம்மாள் மட்டும்தான் மிச்சம். டல்லகூரி எந்தத் திசை என்றுகூட அவருக்குத் தெரியாது. ஆகவே அவரே தலைவரானார். விசாரணையை ஒற்றை ஆளாக நிதானமாக நடத்தினார். வெள்ளம் வந்ததாகச் சொல்பவர்கள் எல்லாரும் நனைந்தவர்கள் என்பதைக் குறித்துக்கொண்டார். பிறகு பச்சை டிக் பெற்ற 'எங்களைப் பற்றி' பக்கத்தைத் திறந்து பார்த்தார். டல்லகூரிக் கிளை வார நாட்களில் காலை ஒன்பது மணி முதல் இயங்குகிறது என்று அதில் இருந்தது. விஷயம் முடிந்தது. கிளை இருக்கிறது, வெள்ளம் இல்லை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வட்டாரப் பள்ளிகள் கிளையைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. வாரம் ஒருமுறை வரலாற்று வகுப்பை அங்கே நடத்தியே தீர வேண்டுமாம். கீத் அதை நின்றபடி படித்துவிட்டு நரெலைக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அங்க சேறுதான் இருக்கு கீத்," என்றாள் அவள்.

"எனக்குத் தெரியும். நீ போயிட்டு வந்துட்டேன்னு மட்டும் எழுதிடட்டுமா?"

நரெல் முகத்தில் ஒரு வருஷமாகப் பார்க்காத குறும்பைப் பார்த்தேன். "வேண்டாம். நிஜமாவே போறேன்," என்றாள்.

போனாள். பிள்ளைகள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். வாசல் இருந்த இடத்தில் அவள் வரிசையாக நிற்கவைத்து உள்ளே அனுப்பினாள்; சுவர் இருந்த இடத்தின் வழியாக நுழைந்த ஒருவனைத் திருப்பி அனுப்பி வாசல் வழியாக வரச் சொன்னாள். நான் ஒரு கரும்பலகையைத் தாங்கியோடு செய்து கொடுத்திருந்தேன். அதைச் சேற்றில் ஊன்றி, ஐம்பத்து நான்காம் வருஷத்து வெள்ளத்தைப் பற்றிப் பாடம் நடத்தினாள். பாடத்தின் தலைப்பையும் ஆதாரமாகப் பயன்படுத்திய பக்கங்களின் முகவரிகளையும் 'கிளையில் கற்பிக்கப்பட்டது' என்று இயக்ககத்துக்கு அனுப்பினாள். ஃபார்க்கர் திறப்பு விழாவில் அறிவித்த விதிப்படி கம்ப்யூட்டர் அந்தக் கணமே பச்சை டிக்கைத் திருப்பி அனுப்பியது. எங்கள் சங்கத்தின் பக்கம், பழைய பத்திரிகை, ஆஸ்பத்திரிப் பதிவு எல்லாவற்றுக்கும் டிக்.

செய்தி பரவியதும் பக்கத்து ஊர் ஆசிரியர்கள் பஸ் வைத்து வந்தார்கள். உலகப் போர்களும் பிரெஞ்சுப் புரட்சியும் எங்கள் சேற்றில் நின்றுதான் டிக் வாங்கின. மெர்வ் அங்கே காப்பியும் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பலகாரமும் விற்றான். டேலா தன் கட்டுரையைச் சேற்றில் நின்று உரக்கப் படித்தாள். மறுபடி அனுப்பியதில் வகுப்பிலேயே அதிக மதிப்பெண் வந்தது. அடுத்த வருஷப் பல்கலைக்கழகப் படிப்புக்கு அவளுக்கு இடம் உறுதியானது. அவள் அப்பா அன்று மாலை பப்பில் இருந்த எல்லாருக்கும் பீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, எதற்கு என்று மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது ஒரு டாக்சி வந்து நின்றது. இறங்கியவர் ஃபார்க்கர். இளைத்திருந்தார். தன் கூரை அனுபவத்தை எழுதி நெட்டில் போட்டாராம், இயக்ககம் நிராகரித்துவிட்டதாம். வாசல் எங்கே என்று கேட்டுக்கொண்டு, அதன் வழியாகவே உள்ளே வந்தார்.

"நரெல், இங்க வச்சு சொன்னா டிக் கிடைக்கும்னு கேள்விப்பட்டேன்," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. நரெல் சாக்பீஸை எடுத்துக்கொண்டு, சொல்லுங்கள் என்றாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். நன்றாகத்தான் சொன்னார். தண்ணீரின் சத்தம், பக்கத்திலிருந்தவர் ஏதோ பாட்டை முணுமுணுத்தது, ஒரு மாடு நீந்திக்கொண்டே தங்களைத் திரும்பிப் பார்த்தது எல்லாம் வந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் உள்ளே வந்தபோது மணி என்ன என்று டேலா கேட்டாள்.

ஃபார்க்கர் யோசித்தார். "தெரியலம்மா. பேசிக்கிட்டிருந்தேன். மணி பார்க்கலை."

"மெர்வ் பப்ல கடிகாரம் தண்ணி பட்டு நின்னுபோச்சு. பதினொண்ணு பத்து காட்டுது," என்றாள் டேலா.

சாசேஜ் கொடுத்த அம்மாளின் மகன் எழுந்து, அதெல்லாம் இல்லை, தன் அம்மா போனில் எடுத்த படத்தில் பதினொன்று இருபது, தரை அப்போது உலர்ந்திருக்கிறது என்றான். பப் இன்னும் பள்ளத்தில் இருக்கிறது, அங்கே முதலில் வந்திருக்கும் என்றது ஒரு குரல். அந்தக் கடிகாரம் எப்போதுமே பத்து நிமிஷம் தாமதம் என்றது இன்னொரு குரல். ஃபார்க்கர் முதலில் ஒவ்வொருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, போனில் மணி சரியாக இருந்ததா என்று யாராவது பார்த்தீர்களா என்று கேட்டார்.

நரெல் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். மொத்த வகுப்பும் சேற்றில் சளக் சளக்கென்று பப்பை நோக்கிக் கிளம்பியது. ஃபார்க்கர் நடுவில், கால்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு, அந்தப் பையனோடு வாதாடிக்கொண்டே போனார். அன்று மெர்வ் கடையை மூடும்வரை வாதாடினார்கள். இதுவரை ஒரு முடிவுக்கு வரவில்லை.